"சட்டம் உண்டு, ஆனால் இங்கே பொருந்தாது"

சென்ற ஜும்ஆவுக்குப் பின் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் கேட்டார்: "பாய், ஃபலஸ்தீன் நிலத்தில் குடியேற்றம் கட்டுவது சர்வதேச சட்டத்துக்கு விரோதம் என்கிறார்கள். இஸ்ரேலோ சட்டப்படிதான் நடக்கிறோம் என்கிறது. அது எப்படி?"

நல்ல கேள்வி. போரில் இறங்கிய எந்த அரசும் "எங்களுக்குச் சட்டமே கிடையாது" என்று சொல்வது அரிது. சட்டத்தை ஒப்புக்கொண்டு, "இந்த விஷயத்துக்கு அது வராது" என்றே வாதாடும். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹுக்மில் தகராறு இருக்காது. இந்த மஸ்அலாவுக்கு அது பொருந்துமா என்பதில்தான் இழுபறி.

1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஆக்கிரமித்த நாடு தன் குடிமக்களை அந்த நிலத்தில் கொண்டுவந்து குடியேற்றக் கூடாது என்கிறது (பிரிவு 49). இஸ்ரேலும் அதை ஏற்ற நாடு. 1967 போரில் மேற்குக் கரையை ஜோர்டானிடமிருந்தும் காஸாவை எகிப்திடமிருந்தும் கைப்பற்றியது. அந்தச் செப்டம்பரிலேயே அதன் வெளியுறவு அமைச்சக சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், அங்கே குடியேற்றம் அமைப்பது உடன்படிக்கைக்கு விரோதம் என்று ரகசியக் குறிப்பு எழுதினார். சிறுவயதில் நாஜி முகாமில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். குறிப்பு கோப்போடு நின்றது. அம்மாதம் முடிவதற்குள் மேற்குக் கரையின் கஃபர் எட்சியோனில் ஆட்கள் குடியேறினர்.

இஸ்ரேல் அரசு எடுத்துவைத்த வாதம் இது: உடன்படிக்கை பேசுவது அதில் சேர்ந்த ஒரு நாட்டின் நிலத்தைப் பற்றி. ஜோர்டான் 1950-இல் மேற்குக் கரையைத் தன்னோடு இணைத்ததைப் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை. காஸாவை எகிப்து தன் நிலமென்று கோரியதே இல்லை. எனவே இது எவருடைய நிலமும் அல்ல, ஆக்கிரமிப்பும் அல்ல, "சர்ச்சைக்குரிய பகுதி". மனிதாபிமான விதிகளை மட்டும் நாங்களாகவே கடைப்பிடிப்போம். ஒரு சொல்லை மாற்றினால் எவ்வளவு நிலம் கைமாறுகிறது, பாருங்கள்! இன்னொரு வாதமும் உண்டு: பிரிவு 49 பலவந்தமாகக் கொண்டுபோவதையே தடுக்கிறது, எங்கள் மக்கள் விரும்பித்தான் போகிறார்கள்.

ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் பிரிவினைச் சுவர் பற்றிய 2004 ஜூலை ஆலோசனைக் கருத்தில் இரண்டையும் தள்ளியது. உடன்படிக்கையில் சேர்ந்த இரு நாடுகள் போரிட்டாலே அது செல்லும். அது காப்பது குடிமக்களை, நிலம் யாருடையது என்ற வழக்கை அல்ல. குடியேற்றத்தை ஏற்பாடு செய்வதும் ஊக்குவிப்பதும்கூடத் தடைதான். 2024 ஜூலையில் அதே நீதிமன்றம், இஸ்ரேல் அங்கே நீடித்திருப்பதே சட்டவிரோதம் என்றது.

ஆலோசனைக் கருத்து என்பதால் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அமல்படுத்தப் போலீஸும் இல்லை. அதனால் வீண் என்று சொல்லிவிட முடியாது. சட்டத்தைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் அரசை அந்தச் சொல்லிலேயே பிடிக்கலாம். ஹேக் கருத்து வெளிவருவதற்கு ஒன்பது நாள் முன், ஜூன் 30 அன்று, ஜெருசலேமுக்கு அருகிலுள்ள பைத் ஸூரிக் கிராமத்தார் தொடுத்த வழக்கில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சுவர் கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனால் விவசாயிகளைத் தோட்டங்களிலிருந்து பிரிக்கும் தீங்கு பாதுகாப்புத் தேவையை மிஞ்சுகிறது என்று, அப்பகுதியில் சுவரின் பாதையில் பெரும்பகுதியை ரத்துசெய்து வேறு வழி பார்க்கச் சொன்னது.