இசைக் கல்லூரியும் மாணவர் நிதியுதவியும்: அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

இசைத் திறமை எல்லா வர்க்கத்தாரிடையேயும் தோன்றுவது. இசைப் பயிற்சியோ பெரிதும் பணத்தால் வாங்கப்படுவது. இம்முரண்பாட்டை ஒரு சமூகம் எவ்வாறு கையாள்கிறது என்பதை, அதன் இசைக் கல்லூரிகள் வழங்கும் நிதியுதவியின் விதிகளைக் கொண்டே ஓரளவு அறிந்து கொள்ளலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இவ்வகையில் நோக்கத்தக்கது.

அந்நாட்டில் இசை பயில விரும்பும் மாணவர் இரு வாயில்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது, ஆசிரியர் குழுவின் முன் வாசித்தோ பாடியோ திறமையை நிறுவும் செய்முறைத் தேர்வு. இரண்டாவது, குடும்பத்தின் பொருளாதார நிலையை நிறுவும் நிதியுதவி விண்ணப்பம். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களால் வெவ்வேறு தவணைகளில் நடத்தப்படுவன. முதலாவதில் வென்றோரும் இரண்டாவதில் தவணை தவறினால், கிடைத்த இடத்தை ஏற்க இயலாது போகலாம்.

சமஷ்டி அரசாங்கத்தின் உதவிக்கு 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அடிப்படையாகும். விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணமில்லை. பெற்றோரின் வருமானம், சேமிப்பு, குடும்ப அங்கத்தவர் தொகை முதலியவற்றிலிருந்து 'மாணவர் உதவிச் சுட்டெண்' கணிக்கப்படுகின்றது. 2024–25 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த இச்சுட்டெண் −1,500 வரை இறங்கக்கூடும். கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம், நூல், பயணம் ஆகியவை அடங்கிய மொத்தச் செலவிலிருந்து சுட்டெண்ணையும் பிற உதவிகளையும் கழிக்க எஞ்சுவதே 'தேவை' எனக் கொள்ளப்படும். வறிய இளமாணி மாணவர்க்குரிய பெல் மானியத்தின் உச்சத்தொகை 2024–25இல் 7,395 டொலராகும். தனியார் இசைக் கல்லூரிகள் பலவற்றின் கட்டணத்தோடு ஒப்பிடுகையில் இது சிறு தொகையே. எஞ்சியதைக் கடனும், பகுதிநேர வேலையும், கல்லூரியின் சொந்த நிதியும் நிரப்ப வேண்டியுள்ளது.

இச்சொந்த நிதிக்குக் கல்லூரிகள் பல இரண்டாவது படிவமொன்றையும் கோருகின்றன. சமஷ்டிப் படிவம் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியைக் கணக்கில் எடுப்பதில்லை; இரண்டாவது படிவம் அதனையும் வினவுகின்றது. மாணவர் விசாவிற் செல்லும் பிறநாட்டவர் சமஷ்டி உதவிக்கு உரித்துடையவரல்லர். எனவே, இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவர் கல்லூரியின் நிதியையோ வெளிப் புலமைப்பரிசிலையோதான் நம்பியிருத்தல் வேண்டும். படிவம் சமர்ப்பித்த பின் பெற்றோர் தொழில் இழந்தாலோ பெரும் மருத்துவச் செலவு நேர்ந்தாலோ, சான்றுகளுடன் மீளாய்வு கோரும் வாய்ப்பு உண்டு. வறிய குடும்பங்கள் பல அறியாதிருக்கும் வழி இதுவே.

கல்லூரியின் நிதி தேவையை மட்டும் அளந்து பங்கிடப்படுவதில்லை. செய்முறைத் தேர்வின் புள்ளியும், அவ்வாண்டு வாத்தியக் குழுவிற்கு எவ்வாத்தியக் கலைஞர் தேவை என்பதும் பல இடங்களிற் செல்வாக்குச் செலுத்துகின்றன. சிறுவயது முதலே தனியாசிரியரிடம் பயின்றவர் உயர்ந்த புள்ளி பெறுதல் இயல்பு. ஆகவே, 'திறமைக்குரிய உதவி' என்பது சில வேளைகளில் முன்னரே வசதி பெற்றோரைச் சென்றடைகின்றது.

இதற்கு மாற்றாகக் கட்டணத்தையே நீக்கிய நிறுவனங்களும் உள. 1924இல் பிலடெல்பியாவில் நிறுவப்பட்ட கேர்ட்டிஸ் இசை நிறுவகம் 1928 முதல் எல்லா மாணவரையும் கல்விக் கட்டணமின்றிப் பயிற்றுகின்றது. யேல் பல்கலைக்கழக இசைக் கல்லூரி 2005இல் கிடைத்த 10 கோடி டொலர் நன்கொடையைக் கொண்டு அதே வழியைப் பின்பற்றியது.

ஆயினும், கட்டண நீக்கம் மட்டும் போதுமா? வட கரோலைனாவின் ட்ரையன் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த யூனிஸ் வேமன் என்ற கறுப்பினச் சிறுமியின் பியானோக் கல்விக்கு அவ்வூரார் நிதி திரட்டினர். அவர் நியூயோர்க்கின் யூலியாட் கல்லூரியிற் சிறிது காலம் பயின்று, 1951இல் கேர்ட்டிஸுக்கு விண்ணப்பித்தார், அனுமதி மறுக்கப்பட்டது. நிறத்தின் காரணமாகவே அது நிகழ்ந்ததென அவர் இறுதிவரை நம்பினார். நிறுவகம் அதனை ஏற்கவில்லை. நீனா சிமோன் என உலகறிந்த அவருக்கு அதே நிறுவகம் 2003இல், மரணத்துக்குச் சில நாட்கள் முன்னர், கௌரவப் பட்டம் வழங்கியது.

1945 முதல் இலவசக் கல்வியைக் கண்ட நமக்கும் இதிற் படிப்பினை உண்டு. கட்டணத்தை நீக்குதல் முதற்படி. வாயிலை அடையும்வரை வேண்டிய வாத்தியம், ஆசிரியர், பயணச்செலவு, தகவல் ஆகியவற்றையும் வறிய பிள்ளைக்கு உறுதிசெய்யும்போதே நிதியுதவி தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.