கட்டைவிரல் மீன்கூட்டம்

பாம்பன் கரையில் வளரும் நாலு வயதுப் பிள்ளைக்குச் சூரை மீனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தச் சூரையே வில்லனாக வரும் படப் புத்தகம் ஒன்று உண்டு: லியோ லியோனி 1963-இல் வெளியிட்ட 'ஸ்விம்மி'. சிவப்புக் குஞ்சு மீன்களைச் சூரை ஒரே மூச்சில் விழுங்கிவிட, கறுப்புக் குஞ்சு ஒன்று மட்டும் தப்புகிறது. பிறகு அது இன்னொரு சிவப்பு மீன் கூட்டத்தைச் சேர்த்து, பெரிய மீன் வடிவில் நீந்தப் பழக்கி, தானே அதன் கண்ணாகிறது. சூடை கூட்டமாக வருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். புத்தகம் ஆங்கிலம்தான், படத்தைக் காட்டி நம் தமிழில் சொன்னால் போதும்.

அந்தச் சின்ன மீன்கள் அச்சுக் குத்தியவை. ஆகவே நாமும் அச்சே குத்துவோம். சார்ட் தாளில் பெரிய மீன் ஒன்றைப் பென்சிலால் லேசாக வரையுங்கள். தட்டில் ஈரத்துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் சிவப்பு போஸ்டர் கலர் தடவுங்கள். பிள்ளை கட்டைவிரலைத் துணியில் தொட்டு, தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். கலர் அதிகமானால் மீன் குழம்பாகிவிடும். பழைய செய்தித்தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு வந்தால் ரேகைகூடத் தெரியும், செதில் மாதிரி. வால் போட ஸ்கெட்ச் பேனா. கிழிந்த வலைத் துண்டைப் பச்சைக் கலரில் தோய்த்து ஒற்றினால் பின்னணி தயார். கண்ணை நான்தான் வைப்பேன் என்று சண்டை நிச்சயம். இரண்டு மூன்று மீன்களாகவே வரைந்துவிடுங்கள். ஒட்டி அலங்கரிக்கப் பவளத் துண்டு மட்டும் வேண்டாம், அது வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது.

ஆசிரியரே எல்லாம் வெட்டிவைத்து, பிள்ளை கண்ணை மட்டும் ஒட்டும் 'கிராஃப்ட்' எனக்கு உடன்பாடில்லை. அதில் பிள்ளைக்குப் பேச எதுவுமில்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கதை படிக்கும்போது கேள்வி கேட்டு, பிள்ளையின் பதிலை நீட்டிச் சொன்ன பெற்றோரின் குழந்தைகள் ஒரே மாதத்தில் பேச்சில் முந்தினார்கள். ஒற்றும்போதும் கேளுங்கள்: "இந்த மீன் எங்க போகுது? சூரை வந்தா என்ன செய்யும்?" தாள் காய்ந்ததும் கதையை மறுபடி படியுங்கள். இந்த முறை பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்வார்கள்.

புத்தகம் கிடைக்காவிட்டால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. கைபேசியில் காட்டாமல் அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் தொட்டுப் புரட்டட்டும்.