வானத்திலும் அயலவர் உறவு

சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் வாழும் எம் உறவினரைக் காண நாம் பலெர்மோவிலிருந்து வான்வழியே செல்கின்றோம். வானுக்கு வேலியில்லை என்பர். ஆயினும், 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளிக்கு உரிமையுடையது. எனவே, எல்லையை அணுகும் விமானத்தை ஒரு நாட்டின் கட்டுப்பாட்டாளர் அடுத்த நாட்டவரிடம் ஒப்படைக்கின்றார். இதனை ஒழுங்குபடுத்தவே 1960இல் ஆறு நாடுகள் யூரோகொன்ட்ரோல் அமைப்பை உருவாக்க உடன்பட்டன. இத்தாலி 1996இல் இணைந்தது.

மாணவச் செல்வங்களே, இத்தொடர்பு அறுந்தால் விளைவது யாது? 2002 யூலை 1ஆம் திகதி இரவு, ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகரின் மேல் இரு விமானங்கள் மோதின. மாண்ட 71 பேரில் பெரும்பாலோர் சிறுவர். அவ்வான்வெளியைக் கவனித்தது சூரிச் நிலையம். ஆபத்தைக் கண்ட ஜேர்மனியக் கட்டுப்பாட்டாளர் சூரிச்சை அழைத்தும், பராமரிப்பு வேலையால் தொலைபேசி இணைப்புக் கிட்டவில்லை. ஒரு விமானத்தின் எச்சரிக்கைக் கருவி "ஏறுக" என்றது. சூரிச் கட்டுப்பாட்டாளரோ "இறங்குக" என்றார். விமானி இறங்கினார்.

இவ்வாறு முரண்பட்டால் கருவியின் கட்டளைக்கே பணியவேண்டும் என்ற விதி பின்னர் உலகெங்கும் தெளிவாக்கப்பட்டது. அயலவர் குரல் உரிய வேளையில் எட்டுவதே வானத்திலும் உயிர்காக்கும் காவலாகும்.