போர்தோ மாளிகைகள்: எதற்குள் போகலாம், எதை வாசலோடு பார்க்கலாம்

பிரான்சின் தென்மேற்கில் போர்தோ நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்வருகிறவர்களில் பலருக்கும் ஒரே மனக்குறை. ஒயின் புட்டியின் லேபிளில் தூணும் கோபுரமுமாக ஒரு மாளிகை இருக்கும். அதற்குள் போனால் பழங்காலக் கட்டில், சரவிளக்கு, முன்னோர் ஓவியங்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்ற நினைப்பில் முன்பதிவு செய்வார்கள். போய் இறங்கினால், வழிகாட்டி அவர்களைப் பக்கத்திலுள்ள பீப்பாய்க் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். மாளிகையை வாசலில் நின்று படம் பிடித்துக்கொள்வதோடு சரி.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அது யாரோ குடியிருக்கும் வீடு, அல்லது ஒரு நிறுவனம் விருந்தினரைத் தங்கவைக்கும் இடம். காட்டுவதாக அவர்கள் சொன்னது ஒயின் உருவாகும் விதத்தைத்தான். போர்தோவில் ஒயின் எவ்வளவு பிரபலமோ, அந்த அளவுக்கு வீட்டுக் கதவு சாத்தியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. உண்மையிலேயே பழமையான, உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய கோட்டைகளும் வீடுகளும் அதிகம் பேசப்படாத ஒயின் விளையும் பக்கங்களில்தான் இருக்கின்றன. இது தெரிந்துவிட்டால் பயணத்தைத் திட்டமிடுவது சுலபம்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1152இல் அக்கித்தேன் நாட்டுச் சீமாட்டி எலியனோர், ஹென்றி பிளாண்டாஜெனெட்டை மணந்தார். ஹென்றி இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்தின் அரசரானார். அதிலிருந்து சுமார் 300 ஆண்டுகள் போர்தோ ஆங்கில அரச குடும்பத்தின் கையில் இருந்தது. 1453இல் காஸ்தியோன் போரில் ஆங்கிலத் தளபதி ஜான் டால்பட் கொல்லப்பட்டதோடு அந்த ஆட்சி முடிந்தது. (அவர் பெயரில் இன்று ஒரு பிரபலமான ஒயின் தோட்டம் இருக்கிறது. தோற்றவருக்கு இப்படி ஒரு மரியாதை.) ஆட்சி போனாலும் இங்கிலாந்துக்காரர்களின் ஒயின் தாகம் போகவில்லை.

ஆனால், இன்று உலகப் புகழ்பெற்ற மெதோக் பகுதி அந்தக் காலத்தில் பெரும்பாலும் சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே அங்குள்ள கூழாங்கல் மேடுகளில் திராட்சை பரவியது. போர்தோ உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகளும் வணிகர்களும் அந்த நிலங்களை வாங்கினார்கள். எனவே மெதோக்கில் இடைக்காலக் கோட்டைகள் அபூர்வம். அங்கிருக்கும் ஆடம்பர மாளிகைகளில் பல 19ஆம் நூற்றாண்டுப் பணத்தின் விளைவு. பிஷோன் பாரோனின் கூர்கோபுர மாளிகை 1851இல் எழுந்தது, பால்மேர் 1856இல். இரண்டுக்கும் நடுவே, 1855இல், பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டபடி போர்தோத் தரகர்கள் மெதோக் ஒயின்களை ஐந்து தரங்களாகப் பிரித்துப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியல் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. முதல் தரத்துக்கு உயர்ந்தது 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் மட்டுமே. அன்று அந்தப் பட்டியலில் ‘ஷாத்தோ’ என்ற அடைமொழியோடு இருந்தவை ஒரு சில தோட்டங்கள்தான். பிறகு எல்லோரும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று ஓட்டு வீடும் ஒரு கொட்டகையும் உள்ள இடம்கூட லேபிளில் ஷாத்தோதான்.

போர்தோவிலிருந்து வடக்கே ஜிரோந்து கழிமுகத்தை ஒட்டிப் போகும் டி2 சாலையில் இந்தப் பெயர்ப்பலகைகள் வரிசையாக வரும். மரங்கள் அணிவகுத்த பாதையின் முடிவில் கிரேக்கக் கோயில் போல வெள்ளைத் தூண்களோடு நிற்பது மார்கோ. லூயி கோம்ப் என்ற கட்டடக் கலைஞர் 1810களில் கட்டியது. சற்று வடக்கே லாத்தூர். அதன் லேபிளில் உள்ள வட்டக் கோபுரத்தைப் பார்ப்பவர்கள் ஆங்கிலேயர் காலக் காவற்கோபுரம் என்று நினைப்பார்கள். அசல் கோபுரம் எப்போதோ மறைந்துவிட்டது. இப்போது நிற்பது 17ஆம் நூற்றாண்டுப் புறாக்கூண்டு.

இந்தச் சாலையில் நமக்கு நெருக்கமான கட்டடம் ஒன்றும் உண்டு. சேந்த் எஸ்தேஃப் ஊரில் இருக்கும் கோஸ் தெஸ்தூர்னெல். 1811இல் இந்தத் தோட்டத்தைத் தொடங்கிய லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல், தன் ஒயினை இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பியவர். விற்காமல் திரும்பி வந்த புட்டிகள் கடற்பயணத்தில் மெருகேறிவிட்டதாகச் சொல்லி, இந்தியா போய் வந்த ஒயின் என்ற பெருமையோடு விற்றார். அந்த மோகத்தில் தன் கட்டடத்தின் மேல் கீழ்த்திசை பாணியில் மூன்று சிறு கோபுரங்களை எழுப்பினார். வாசலுக்கு வேலைப்பாடு மிகுந்த மரக்கதவு, ஜான்சிபார் சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தது. ஊரார் அவரை சேந்த் எஸ்தேஃபின் மகாராஜா என்றே அழைத்தார்கள். அந்தக் கோபுரங்களில் சீனச் சாயல் இருக்கிறது, அரபுச் சாயல் இருக்கிறது. இந்தியச் சாயலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, அத்தனை அலங்காரத்துக்கும் உள்ளே குடியிருக்க ஓர் அறைகூட அவர் கட்டவில்லை. உள்ளே இருந்தது ஒயின் மட்டும். கடைசியில் கடன் சுமையில் 1852இல் தோட்டத்தை விற்றுவிட்டு, மறு ஆண்டு இறந்துபோனார். மெதோக்கில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கே என் ஓட்டு.

பீப்பாய்க் கூடத்தில் என்ன காட்டுவார்கள்? வரிசை வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். ஒன்றில் 225 லிட்டர், அதாவது 300 புட்டிகள். முதல் தரத் தோட்டங்களில் பெரும்பாலும் புதுப் பீப்பாய்தான். அதில் ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ ஒயின் இருக்கும். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அளவு குறையும்போதெல்லாம் மேலே நிரப்புவார்கள். இதை ஒரு முறை பார்ப்பது சுவாரசியம். இரண்டாவது தோட்டத்திலும் இதையேதான் சொல்வார்கள், மூன்றாவதிலும் இதேதான். ஆகவே மெதோக்குக்கு ஒரு நாள் போதும் என்பது என் கருத்து. மிச்ச நாட்களைத் தெற்கிலும் கிழக்கிலும் செலவழிக்கலாம்.

கிழக்கே, காஸ்தியோன் போர் நடந்த ஊருக்குப் பக்கத்தில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது மாண்டேய்னின் கோபுரம். கட்டுரை என்ற இலக்கிய வடிவத்துக்கே தந்தை என்று சொல்லப்படும் மிஷெல் த மாண்டேய்னின் (1533-1592) வீடு இது. உப்பு மீனும் ஒயினும் விற்றுப் பணம் சேர்த்த கொள்ளுத்தாத்தா 1477இல் வாங்கிய சொத்து. பிரதான மாளிகை 1885இல் தீப்பிடித்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. தனியாக நின்ற வட்டக் கோபுரம் மட்டும் தப்பியது.

அந்தக் கோபுரம்தான் பார்க்க வேண்டியது. கீழ்த்தளத்தில் சிறிய வழிபாட்டு அறை. சுழல் கற்படியில் ஏறினால் படுக்கையறை. கீழே நடக்கும் பூசை படுக்கையறைக்குக் கேட்கும்படி சுவரில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். முடியாத நாட்களில் கீழே இறங்காமலே பூசை கேட்டுக்கொள்ளலாம். இன்னும் மேலே ஏறினால் நூலகம். 1571இல், 38 வயதில், நீதிபதிப் பதவியை விட்டு வந்து அவர் எழுத உட்கார்ந்த அறை. புத்தகங்கள் இப்போது இல்லை. ஆனால் தலைக்கு மேலே உத்தரத்திலும் குறுக்குச் சட்டங்களிலும் அவர் எழுதவைத்த கிரேக்க, லத்தீன் வாசகங்கள் அப்படியே இருக்கின்றன. மனித அறிவின் எல்லையைப் பற்றிய வாசகங்கள்தான் அதிகம். பக்கத்தில் குளிர் நாளுக்குக் கணப்பு வைத்த ஒரு சின்ன அறை. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், படிகள் குறுகல், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏற வேண்டும். தோட்டத்தில் இன்றும் ஒயின் தயாராகிறது. அதன் விலைக்கு மெதோக்கின் முதல் தர ஒயினில் ஒரு மிடறு கிடைக்கலாம்.

போர்தோவுக்குத் தெற்கே, கிராவ் பகுதியில், லா ப்ரேத் கோட்டை. சுற்றிலும் அகழி, நடுவில் நீருக்குள்ளிருந்து எழுந்தது போன்ற கோட்டை. அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டோடு பள்ளிப் பாடத்தில் வரும் மாண்டெஸ்கியூ 1689இல் பிறந்தது இங்கேதான். போர்தோ நீதிமன்றத்தில் பதவி வகித்தாலும் தோட்டக் கணக்கில் கெட்டிக்காரர். 1748இல் ‘சட்டங்களின் சாரம்’ வெளிவந்து புகழ் பரவியபோது, இங்கிலாந்தில் தன் ஒயினுக்கும் கிராக்கி கூடியதை மகிழ்ச்சியோடு குறித்துவைத்தார். அவருடைய நூல்கள் பெருமளவு போர்தோ நகர நூலகத்துக்குப் போய்விட்டன. நூலகக் கூடம் கோட்டையில் இருக்கிறது.

இன்னும் தெற்கே ரோக்தயாட். இடைக்காலக் கோட்டை என்றால் நம் மனத்தில் எழும் படத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஒரே வளாகத்தில் இரண்டு கோட்டைகள். புதியது என்று சொல்லப்படுவதே 1306இல் தொடங்கியது! கட்டியவர் போப் ஐந்தாம் கிளமெண்டின் உறவினரான ஒரு கர்தினால். அந்த போப் இந்தப் பக்கத்துக்காரர், போப்பாண்டவர் இருக்கையை அவிஞ்ஞோனுக்குக் கொண்டுபோனவர். 1860களில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தைப் புதுப்பித்த வியோலே லெ துக்கிடம் இந்தக் கோட்டையை ஒப்படைத்தார்கள். அவரும் சீடர் எத்மோன் துதுவாவும் சுவர், கதவு, நாற்காலி, கட்டில் வரை இடைக்காலத்தைத் தாங்கள் கற்பனை செய்தபடி வண்ணம் தீட்டிப் புதிதாகப் படைத்தார்கள். இது பழமையா, பழமை வேடமா என்று சண்டை போடலாம். எனக்கு அந்த இளஞ்சிவப்புப் படுக்கையறை பிடிக்கும். கட்டிய குடும்பத்தின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வசிக்கிறார்கள், கிராவ் ஒயினும் தயாரிக்கிறார்கள்.

கரோன் ஆற்றின் மறுகரையில் இரண்டு வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மலாகார், 1952இல் இலக்கிய நோபல் பெற்ற பிரான்சுவா மோரியாக்கின் வீடு. மால்ரோமே, ஓவியர் டூலூஸ் லோத்ரெக் 1901இல் தாயின் மடியில் வந்து இறந்த இடம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

குடியிருக்கும் வீட்டை ஏன் ஊராருக்குத் திறந்துவிடுகிறார்கள்? பெருந்தன்மையோடு வரிச் சட்டமும் கைகொடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தின் உரிமையாளர், பராமரிப்புச் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருவாய் எதுவும் தராமல் மூடியே வைத்திருக்கும் வீட்டுக்குப் பாதி, பொதுமக்களுக்குத் திறந்தால் முழுவதும். திறப்பது என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை குறைந்தது 40 நாட்கள், அல்லது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விடுமுறை நாட்கள் 25 உட்பட 50 நாட்கள். கோடையில் திறந்திருக்கும் பல வீடுகள் குளிர்காலத்தில் பூட்டிக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒயின் தோட்டங்களின் கணக்கு வேறு. செப்டம்பர், அக்டோபர் அறுவடையில் அவர்களுக்கு விருந்தாளி இடைஞ்சல். பல தோட்டங்கள் வார இறுதியிலும் மூடியிருக்கும். இரண்டுக்கும் பொதுவாக மே, ஜூன் நல்ல காலம். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வரும் பாரம்பரிய நாட்களில், மற்ற நாளில் பூட்டியிருக்கும் சில கதவுகளும் திறக்கும்.

ஒயின் தோட்டத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சுவைக்கும்போது வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. தொழில்முறைச் சுவைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குடிக்காதவர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், சில இடங்களில் திராட்சைச் சாறு தருவார்கள். வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. மார்கோ, போயாக், சேந்த் எமிலியோன் ஊர்களுக்குப் போர்தோவிலிருந்து உள்ளூர் ரயில் உண்டு. மாண்டேய்ன் கோபுரத்துக்கும் ரோக்தயாட்டுக்கும் கார் இல்லாமல் சிரமம்.

முதல் தரத் தோட்டங்களில் புட்டி வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். அவர்கள் போர்தோ வணிகர்கள் வழியாக விற்பதுதான் வழக்கம். சிறிய வீடுகளில் வாங்கலாம். விமானத்தில் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும், கைப்பையில் விட மாட்டார்கள். இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் வரை அனுமதி. 750 மில்லிலிட்டர் புட்டி இரண்டு தாராளமாக வரும், மூன்றாவதற்கு வரி கட்ட நேரும்.