தாம்பரத்தில் விண்ணப்பம், மான்ட்ரியலில் விதி

இ-பாஸ்போர்ட் என்பது மின்னணு சிப்பும் ஆன்டெனாவும் உள்ளே பொதிந்த பாஸ்போர்ட். மேலட்டையின் கீழ்ப்பகுதியில் பொன்னிறத்தில் சிறு செவ்வகமும் அதன் நடுவே வட்டமும் தெரிந்தால் அது இ-பாஸ்போர்ட். இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 அன்று முன்னோட்டமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2025 மார்ச் 3 அன்று சென்னைக்கு வந்தது. வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்து மக்களுக்கு அருகில் இருப்பது தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையம். அங்கே நடைமுறை பழையதுதான்: ஏ கவுன்ட்டரில் போட்டோ, கைரேகை, ஆவண ஸ்கேன், பி-யில் சரிபார்ப்பு, சி-யில் ஒப்புதல்.

பாஸ்போர்ட்டைக் கொடுப்பது நம் அரசு. அதைப் படித்துப் பார்ப்பதோ கொழும்பிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் உள்ள குடியேற்ற அதிகாரிகள். ஆகவே, வடிவத்தை எந்த நாடும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையால் உருவாகி, கனடாவின் மான்ட்ரியலில் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980இல் வெளியிட்ட 9303ஆம் எண் ஆவணம்தான் இதற்கான பொது விதி. படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளும், வரிக்கு 44 எழுத்துகள் என்ற கணக்கும் அதன்படி வந்தவையே. இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சோதனை இலக்கம் உண்டு. எழுத்துகளின் மதிப்பை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அதுவாக இருக்க வேண்டும்.

சிப்புக்குப் பூட்டாக இருப்பதும் இந்த விவரங்களே. பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த வரிகளைக் கருவியில் காட்டினால்தான் சிப் பேசும். மூடிய பையில் இருப்பதை வெளியிலிருந்து படித்துவிட முடியாது.

சிப்புக்கான பொது விதி வரும் முன்பே, 1998இல், மலேசியா சிப் பாஸ்போர்ட் கொடுத்தது. ஆனால் சிப்பில் இருப்பது உண்மையா என்பதை வேற்று நாடு எப்படி அறியும்? பாஸ்போர்ட் தரும் நாடு தன் ரகசியச் சாவியால் சிப்பின் தகவலுக்கு மின்னணு கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை மற்ற நாடுகளுக்குத் தருகிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. இந்தச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளவே 2007 முதல் மான்ட்ரியல் அமைப்பு ஒரு பொதுக் களஞ்சியத்தை நடத்துகிறது. அதில் எந்தப் பயணியின் விவரமும் கிடையாது, சாவிகளும் ரத்துப் பட்டியல்களும் மட்டுமே. சிப் பாஸ்போர்ட் தரும் எல்லா நாடுகளும் இதில் சேர்ந்துவிடவில்லை என்பதுதான் குறை.

பொது விதி தமிழர் பெயருக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரு கூறுகளை அது எதிர்பார்க்கிறது. நமக்கோ இனிஷியல்தான் வழக்கம். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்குத் தடை விதித்தபோது தவித்தார்கள். தந்தை பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தப்பட்டது. புதிதாக விண்ணப்பிப்போர் இனிஷியலை விரித்து எழுதுவதோடு, இரண்டு கட்டங்களையும் நிரப்புவது நல்லது.

பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் உடனே மாற்ற வேண்டியதில்லை. காலாவதி தேதி வரை அது செல்லும்.