துணை போன நாயின் தீனிக் கணக்கு

இரண்டு நாய் இருந்த வீட்டில் ஒன்று செத்துப்போனால் தீனிச் செலவு பாதியாகக் குறையும். மிச்சமிருக்கும் நாய்க்கு நாம் செலவழிக்க வேண்டிய நேரமோ கூடும். எவ்வளவு காலத்துக்கு என்பதற்கு இத்தாலியில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்தது. நாயைப் பறிகொடுத்த 426 பேரைக் கேட்டதில் 86 சதவீதம் பேர், அதாவது சுமார் 366 பேர், இருக்கும் நாயின் போக்கு மாறிவிட்டது என்றார்கள். 2 முதல் 6 மாதம் வரை நீடித்ததாகச் சொன்னவர்கள் 32 சதவீதம், 6 மாதத்தையும் தாண்டியதாகச் சொன்னவர்கள் 25 சதவீதம். ‘ஒரு வாரத்தில் சரியாகிவிடும்’ என்று ஆறுதல் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும்.

அவர்கள் சொன்ன மாற்றங்களில், வளர்ப்பவரின் காலையே சுற்றிச்சுற்றி வருவது 67 சதவீதம். விளையாட்டு குறைந்தது 57, ஓட்டமும் நடமாட்டமும் குறைந்தது 46, தூக்கம் கூடியது 35, பயம் கூடியது 35, குரைப்பும் முனகலும் கூடியது 30.

தீனி குறைந்தது 32 சதவீதம். 2016-இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்விலும் 159 நாய்களில் 35 சதவீதம் குறைவாகத் தின்றன. 31 சதவீதம் மெதுவாகத் தின்றன. செத்த நாய் வழக்கமாகப் படுக்கும் மூலையைத் தேடிப் போய் முகர்ந்து நிற்கும் நாய்களும் அதில் உண்டு.

தீனி குறைவதை எடைபோட்டுப் பார்க்கலாம். 20 கிலோ நாய் சும்மா படுத்துக்கிடக்கவே நாளுக்குச் சுமார் 660 கலோரி வேண்டும். கருத்தடை செய்து வீட்டில் சாதாரணமாக நடமாடும் நாய்க்கு அதைப்போல 1.6 மடங்கு, ஏறக்குறைய 1,060. தட்டில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்தால் உள்ளே போவது சுமார் 707 கலோரிதான். படுத்துக்கிடக்கும் தேவையைவிடக் கொஞ்சமே அதிகம். வாரம் ஒருமுறை எடை பார்ப்பவர்களுக்கு இந்தக் குறைவு சீக்கிரமே தெரிந்துவிடும். 20 கிலோவில் 2 கிலோ இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதுவரை காத்திருக்கக் கூடாது.

இத்தாலிய ஆய்வில், இரண்டு நாய்களும் எத்தனை வருடம் சேர்ந்து இருந்தன என்பதற்கும் மாற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. சடலத்தைப் பார்த்ததா இல்லையா என்பதும் வித்தியாசம் செய்யவில்லை. கடைசியாகக் காட்டாமல் விட்டோமே என்று மருகுகிறவர்கள் அந்தப் பாரத்தை இறக்கிவைக்கலாம். இரண்டும் எப்படிப் பழகின என்பதே கணக்கில் நின்றது. சிநேகமாகவோ தாயும் குட்டியும்போலவோ இருந்தவற்றில் மாற்றம் அதிகம். தீனியைப் பகிர்ந்து தின்றவை கூடுதலாகத் தூங்கின, நடமாட்டத்தைக் குறைத்தன. வெறுமனே ஒன்றையொன்று சகித்துக்கொண்ட ஜோடிகளில் அப்படித் தொடர்பு காணவில்லை.

நாயின் பயமும் தீனி அளவும் வளர்ப்பவரின் துக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கின. மனிதரின் அழுகை நாயைத் தொற்றுகிறதா, அழுகிறவர் கண்ணுக்கு நாயும் சோர்ந்து தெரிகிறதா என்று இந்த எண்களால் பிரிக்க முடியாது. எல்லாமே வளர்ப்பவர்கள் சொன்ன பதில்கள். அதனால்தான் தட்டில் மிச்சமிருப்பதை நிறுத்துப் பார்ப்பதை நான் அதிகம் நம்புகிறேன். தண்ணீரையும் அளக்கலாம்: கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, 20 கிலோவுக்கு ஒரு லிட்டரிலிருந்து 1.2 லிட்டர் வரை. மிச்சமிருக்கும் நாய்க்கும் பெரும்பாலும் வயதாகியிருக்கும். ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடாவிட்டாலோ, தண்ணீர் திடீரென்று கூடினாலோ துக்கம் என்று விட்டுவிடாமல் பல்லையும் சிறுநீரகத்தையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.