தணிக்கையாளர் அறிக்கை

திருவண்ணாமலையில் இரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையில் கடை வைத்திருக்கும் வணிகர், இரவில் கல்லாப்பெட்டிப் பணத்தை எண்ணிக் கணக்கேட்டோடு ஒப்பிட்ட பின்னரே கதவடைப்பார். தம் பொருள் தம் கண்முன் இருத்தலால் அவருக்குப் பிறர் சான்று வேண்டுவதில்லை. அவரே தம் சேமிப்பைக் கொண்டு தொலைவிலுள்ள கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கினாராயின், அதன் பெட்டியை எவ்வாறு எண்ணுவார்? கம்பெனியார் வெளியிடும் ஐந்தொகையைத்தான் நம்புதல் வேண்டும். அது மெய்யா என ஆராய்ந்து பங்குதாரர்க்கு உரைப்பவரே தணிக்கையாளர்.

நெடுங்காலம் அவர் அறிக்கை மிகச் சுருங்கியதாகவே இருந்தது. கணக்குகள் உண்மையும் நேர்மையுமான நிலையைக் காட்டுகின்றன என்று எழுதிக் கையொப்பமிடுவார். எங்கே ஐயுற்றார், அதனை எவ்வாறு தீர்த்துக்கொண்டார் என்பன படிப்போர்க்குத் தெரியா.

இம்முறையின் குறையை நாடு முழுவதும் உணரச் செய்தது ஐதராபாத்திலிருந்த சத்தியம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் கம்பெனி. அதன் தலைவர் இராமலிங்க ராஜு 2009 சனவரி 7-ஆம் நாள் கடிதம் ஒன்று எழுதினார். கையிருப்பும் வங்கி இருப்புமாகக் கணக்கில் கண்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம் என அதில் ஒப்புக்கொண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு வெறும் எழுத்தே! ஆண்டுதோறும் அக்கணக்குகளைத் தணிக்கையாளர் ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தனர். இருப்பை உறுதி செய்ய வங்கிகளுக்கு அனுப்பும் கடிதங்களையும் அவற்றின் விடைகளையும் கம்பெனியார் கைவழியே செல்ல விட்டிருந்தனர் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-இல் கண்டது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கம்பெனியின் அலுவலர் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத மோசடி செய்திருப்பதாக நம்பக் காரணம் கண்டால், தணிக்கையாளர் அதனை நடுவண் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளைப் பொறுத்தவரை, 2018 ஏப்ரல் முதல் தொடங்கிய கணக்காண்டுகளுக்கு மற்றொரு கடமையும் சேர்ந்தது. தணிக்கையில் மிகுந்த ஆராய்ச்சி வேண்டிய செய்திகள் எவை, அவை ஏன் அரியவை, அவற்றை எவ்வாறு சோதித்தார் என்பவற்றை அவர் அறிக்கையிலேயே விளக்குதல் வேண்டும்.

இதனால் கணக்கு எவ்வாறு திருந்தும்? கடன் கொடுத்த தொகையில் எவ்வளவு திரும்பி வரும் என்பது மதிப்பீடே. இயக்குநர் விரும்பினால் அதனைக் கூட்டியும் சொல்லலாம். ஆனால் அம்மதிப்பீட்டைப் பற்றித் தணிக்கையாளர் ஊரறிய எழுதப்போகிறார் என்பதை அறிந்தவர், வாராக் கடனை வருங்கடனாகக் காட்டக் கை தயங்குவார். தக்க சான்றுகளை முன்னரே திரட்டி வைப்பார். தணிக்கையாளரும், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுத இயலாமையின், சோதனையை உள்ளபடியே செய்தாக வேண்டும்.

சென்ற ஆண்டு எழுதியதையே சொல் மாறாமல் படியெடுப்பாரும் உளர், அதனாற் பயனில்லை. ஈராண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு அது புலனாகும். ஐயமுற்ற பங்குதாரர் நேரிலும் வினவலாம். கம்பெனி விலக்களித்தாலன்றித் தணிக்கையாளரோ அவர் சார்பில் தகுதியுடைய மற்றொரு தணிக்கையாளரோ பொதுக்கூட்டத்திற்கு வருதல் வேண்டும் என்பதும் அச்சட்டமே.